மேகலாவின் கை

கதவு திறக்கவில்லை.

மேகலா கையை எடுத்துவிட்டு மறுபடி பிடியில் வைத்தாள். மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. நேற்று மாலை கடைசியாக ஓடிய வால்வு பாடி, ஒரு இரும்புத் துண்டு, உள்ளே வைஸின் இடுக்கில் அப்படியே இருந்தது. வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் அசையவில்லை. கதவு திறக்காமலிருக்க எந்தக் காரணமும் இல்லை.

திரையில் ஒரு வரி வந்தது. இந்தக் கைக்கு அனுமதி இல்லை.

"என்னம்மா, ஃபிரிட்ஜ் தொறக்கலையா?" என்று எதிர் மெஷினிலிருந்து முபாரக் கேட்டார். "மாவு புளிச்சிடப் போவுது, சீக்கிரம் எடு."

"சும்மா இருங்க பாய்."

முபாரக்கின் மெஷினுக்குக் கதவே கிடையாது. ஒரு மேசை, ஒரு ஸ்பிண்டில், ஒரு பட்டன் பெட்டி. சுற்றிலும் எதுவும் இல்லை. ஓடும்போது சூட்டைத் தணிக்கிற கூலண்ட் சட்டையில் தெறிக்கும். சூடான இரும்புச் சுருள் காலருக்குள் விழும். அவருடைய ஆள்காட்டி விரலின் நுனியை அந்த மெஷின் என்றோ எடுத்திருந்தது. பட்டறை முதலாளி குழந்தைவேல் தொழில் தொடங்கிய காலத்தில் வாங்கியது அது. கோவை சின்னவேடம்பட்டியில் அந்த மாதிரித் திறந்த மெஷின் இன்னும் ஓடுகிற பட்டறைகள் குறைவு.

மேகலாவுடையது மூடிய மெஷின். வந்து இரண்டு வருடம். சுற்றிலும் தகடு, முன்னால் கண்ணாடிக் கதவு. ஸ்பிண்டில் நிற்காமல் கதவு திறக்காது. கதவு மூடாமல் ஸ்பிண்டில் ஓடாது. கதவின் பிடியும் ஸ்டார்ட் பட்டனும் தொடுகிற கையைப் படிக்கும். சூடு, பலம், நடுக்கம். குடித்த கையோ காய்ச்சல் கையோ வந்தால் அன்றைக்குக் கதவு திறக்காது. இந்த மெஷின்கள் வந்த பிறகு ஊரில் விரல் போவது நின்றுவிட்டது. அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பம்ப் கம்பெனிகள் மூடிய மெஷினில் கடைந்த ஜாப்பை மட்டும் வாங்கின. திறந்த மெஷினுக்கு வருவது அக்கம்பக்கத்து ரிப்பேர் வேலைதான்.

குழந்தைவேல் கற்பூரத் தட்டோடு வந்தார். தினமும் காலையில் முதல் ஸ்டார்ட் அவருடையது. ஜாப்பை வைஸில் கட்டிக் கதவை மூடுவது மேகலா. பட்டனை அழுத்துவது அவர். அவருக்குக் கைராசி என்று தெருவே நம்பியது. அவர் ஆரம்பித்து வைத்த ஜாப் ரிஜெக்ட் ஆகித் திரும்பியதில்லை என்பார்கள். பக்கத்துப் பட்டறைகளில் புது மெஷின் வந்தாலும் புது ஜாப் வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன அம்மிணி, தொறக்கலியா?"

"அனுமதி இல்லைங்குதுங்ண்ணா."

"ராத்திரி தூங்கலியா?"

"நல்லாத் தூங்குனனுங்."

"சித்த நேரங்கழிச்சுப் பிடி. அதுக்கும் மனசு வரோணுமல்லோ."

தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. கதவு மத்தியானமும் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

*

மெஷின் கம்பெனியிலிருந்து ஜெரோம் வந்தான். சின்னப் பையில் ஒரு திரையும் ஒரு வயரும் வைத்திருந்தான். பிடியில் வயரைச் சொருகி வெகுநேரம் பார்த்தான்.

"நடுக்கம்னு சொல்லுது மேடம்."

"எனக்கா?"

மேகலா கையை நீட்டினாள். முபாரக் ஒரு காகிதத்தை அவள் புறங்கையில் வைத்தார். காகிதம் அசையவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார்.

"பாரு தம்பி. இது மேல டம்ளர் நெறய டீ வெச்சாலும் சிந்தாது."

"கண்ணுக்குத் தெரியாது பாய். நமக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே மெஷினுக்குத் தெரிஞ்சிடும். காலைல இருக்கு. அப்புறம் நாள் பூரா இல்ல. ஆரம்பத்துல அப்படித்தான் விட்டுவிட்டு வருமாம்."

"எதோட ஆரம்பம்?" என்றாள் மேகலா.

ஜெரோம் திரையைப் பார்த்தபடி சொன்னான். "வியாதி பேரைச் சொல்ல அதுக்கு அதிகாரம் இல்ல மேடம். கதவைத் தொறக்காம இருக்கத்தான் அதிகாரம்."

"வேற பட்டறைல போய் நின்னா?"

"மூடின மெஷின் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும். நீங்க ஓசூர்ல போய் பிடிச்சாலும் தெரியும்."

"நெஜமாவே எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"இருக்கலாம் மேடம்."

அவன் வயரைச் சுருட்டினான். வாசலில் குழந்தைவேலிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இந்தத் தெருவுல மட்டும் நடுக்கம் ஜாஸ்தியா வருது சார். தண்ணியில ஏதாவது இருக்கான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

"சிறுவாணித் தண்ணியவா தம்பி சொல்றீங்க?" குழந்தைவேல் சிரித்துவிட்டார். "உங்க ஆபீஸ்காரங்கள ஒரு டம்ளர் குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. நடுக்கம் இருந்தாலும் நின்னு போயிரும்."

*

நரம்பு டாக்டர் அவளை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னார். காகிதத்தில் ஒரு சுருள் வரையச் சொன்னார். ஒன்றுமில்லை என்றார். எழுதியும் கொடுத்தார்.

மேகலா ஜெரோமைப் போனில் கூப்பிட்டாள்.

"அதைச் சேத்துக்க மாட்டாங்க மேடம். டாக்டர் ஒரு நாள் பாத்திருக்காரு. மெஷின் ரெண்டு வருஷமா பாக்குது."

கணபதியில் ஒரு பட்டறையில் ஆள் கேட்டிருந்தார்கள். போனாள். அங்கே எல்லாம் மூடிய மெஷின், வரிசையாக, மருந்துக்கடை போலச் சுத்தமாக. முதலாளி திரையில் அவள் பெயரை அடித்துவிட்டு ஒரு பிடியைப் பிடிக்கச் சொன்னார். வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரையில் அதே வரி வந்தது.

அவள் பிடித்த இடத்தை ஒருவன் துணியால் துடைத்தான்.

அந்த முதலாளி மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்றுவிட்ட மாமா என்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை அவள் தங்கை சிந்துவுக்குப் பார்த்தவன். தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நான்கு நாள் கழித்து மாப்பிள்ளையின் அத்தை வீட்டுக்கு வந்தாள். பூவும் பழமும் கொண்டுவரவில்லை. அதிலேயே மேகலாவின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீங்க," என்றாள் அத்தை. "தங்கமான பொண்ணு. ஆனா நரம்பு வியாதி ரத்தத்துல வருமுன்னு சொல்றாங்கல்லங்க."

"டாக்டர் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காருங்க," என்றாள் அம்மா.

"டாக்டர் சொல்லட்டுமுங்க. கதவு தொறக்கலியே."

மேகலா டீ கொண்டுவந்தாள். அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தாள். டம்ளரிலிருந்த டீயின் விளிம்பைப் பார்த்தாள். மேகலாவும் பார்த்தாள்.

"கதவு தொறந்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. தையிலயே வெச்சுக்கலாம். நாங்க வேற எடம் பாக்கல."

அவள் போனபிறகு சிந்து சமையலறைக்கு வந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நெசமாலுமே உனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்ல."

"என்கிட்டயாச்சும் சொல்லு."

மேகலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு விரல்களை விரித்து நீட்டிப் பார்த்தாள். லேசாக ஆடுவதுபோல் இருந்தது. ஆடாததுபோலவும் இருந்தது. அன்றிலிருந்து அவள் கையைப் பார்க்கத் தொடங்கினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது. பொட்டு வைக்கும்போது. பார்க்காமலிருக்க முடியவில்லை.

*

குழந்தைவேல் அவளை அனுப்பிவிடவில்லை.

"பாய் கூட நில்லு அம்மிணி. அந்த மெஷின் யாரையும் எதுவும் கேக்காது."

மூடிய மெஷினில் யாரும் இல்லை. வேறு ஆப்பரேட்டர் கிடைக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வால்வு பாடி இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

திறந்த மெஷினில் முதல் நாளே அவள் சுடிதாரின் கையில் ஓட்டை விழுந்தது. மாலையில் தலைமுடியில் கூலண்ட் வாசம். இதெல்லாம் பழகிவிடும் என்றார் முபாரக். ஒன்று மட்டும் பழகவில்லை.

மூடிய மெஷினில் வேலை முடிந்தால் சத்தம் இறங்கும். கதவு டக்கென்று விடும். அதன் பிறகு கையை உள்ளே விடலாம். ஸ்பிண்டில் நின்றதா என்று அவள் இரண்டு வருடமாகப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை இல்லை. அது கதவின் வேலை.

ஒரு காலையில் சத்தம் இறங்கியது. அவள் கை தானாக நீண்டது.

முபாரக் அவள் பின்கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தார். அவள் பின்னால் போய்க் கருவிப் பெட்டி மேல் விழுந்தாள். ஸ்பிண்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், நிற்பதுபோல.

"நிக்கறதுக்கு முன்னாடி கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்," என்றார் முபாரக். தன் குட்டை விரலை ஆட்டிக் காட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"ஸாரி பாய்."

"என்கிட்ட எதுக்கு ஸாரி? இவகிட்ட சொல்லு." மெஷினைத் தட்டினார். "இன்னொரு விரல் பல்லுல மாட்டாமப் போச்சேன்னு வருத்தத்துல இருக்கா."

அவள் சிரிக்க முயன்றாள். கை உண்மையாகவே நடுங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பிக்கொண்டது அவளுக்கு விழுந்ததைவிட வலித்தது.

*

வெள்ளிக்கிழமை ஒரு புது ஜாப் வந்தது. ரிப்பேருக்கு வந்த பெரிய கிரைண்டரின் இரும்பு அடித்தட்டு. முபாரக் மேசையில் கட்டினார். குழந்தைவேல் கற்பூரம் காட்டிவிட்டு ஸ்டார்ட்டை அழுத்த வந்தார்.

மூடிய மெஷினில் வேலை நடக்கிற நாளில் குளிர்விசிறி காலையிலிருந்தே இரைந்துகொண்டிருக்கும். இங்கே அது இல்லை. மெஷின் ஓடத் தொடங்குமுன் பட்டறை அமைதியாக இருந்தது.

அவர் விரல் பச்சைப் பட்டனில் இருந்தது. அழுத்துவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தி மனதுக்குள் எதையோ சொல்வது அவர் வழக்கம். அந்த நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டிக் டிக் டிக் என்று, சின்னதாக. அவருடைய செம்பு மோதிரம் பட்டன் பெட்டியின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் அழுத்தினார். ஸ்பிண்டில் எழும்பியது. சத்தம் அதில் மறைந்தது.

மேகலா கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள்.

"என்ன அம்மிணி?"

"இன்னொருக்கா அழுத்துங்ண்ணா."

"ராசிக்கு ஒருக்காத்தான் அழுத்தோணும்."

"ஒருக்கா அழுத்துங்க."

அவர் விரலை வைத்தார். டிக் டிக் டிக். முபாரக் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"மோதிரம் லூசாயிருச்சு," என்றார் குழந்தைவேல். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விரலை மறுபடி வைத்தார். பட்டனின் பிளாஸ்டிக் மூடி பழையது. அது கடகடவென்று ஆடியது.

வெளியே ஒரு குட்டியானை லாரி ரிவர்ஸ் பாட்டோடு பின்னால் வந்து நின்றது.

"எப்பருந்துங்ண்ணா?" என்றாள் மேகலா.

"தெரியல கண்ணு." அவர் கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. "டீ டம்ளர ரெண்டு கையில புடிக்கறீங்கன்னு வீட்டுல சொல்லுவா. வயசாகுதுன்னு நெனச்சேன்."

"தெனமும் காலைல என் பேர்ல நீங்கதான அழுத்துனீங்க."

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

*

ஜெரோம் எல்லாவற்றையும் கேட்டான்.

"அது கைரேகை பாக்காதா?" என்று கேட்டார் முபாரக்.

"முன்னாடி பாத்துச்சு பாய். க்ளவுஸ் போட்டு வேலை செய்யறவங்களுக்குத் தொந்தரவா இருக்குன்னு தெனசரி பாக்கறத நிறுத்திட்டாங்க. லாகின்ல யார் பேர் இருக்கோ அவங்க கைன்னு எடுத்துக்கும். காலைல மட்டும் நடுக்கம் வந்தது அதனாலதான்."

"அப்ப அவர் கைன்னு எழுதிப் போடுங்க," என்றாள் மேகலா.

"போடலாம். போட்டா, உங்க பேர்ல இன்னொருத்தர மெஷின்ல விட்டீங்கன்னு ஆகும். நடுக்கத்துக்காவது வைத்தியம்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு மன்னிப்பே கெடையாது மேடம். நீங்க இனிமே எந்த மெஷின் முன்னாடியும் நிக்க முடியாது. சார் பட்டறைக்கு ஜாப் வராது."

"சொல்லலைன்னா?"

"இப்ப இருக்கற மாதிரியே இருக்கும்."

குழந்தைவேல் நிமிர்ந்தார். "நான் செஞ்சது. பட்டறை போனாப் போவுது. சொல்லிருங்க தம்பி."

"சொன்னா மேடமும் போவாங்க சார். அதைத்தான் சொல்றேன்."

அவன் பையைத் தூக்கி, மறுபடி கீழே வைத்தான். "ஒண்ணு பண்ணலாம். மறுபரிசோதனைக்குப் போடறேன். அதுல பழைய நடுக்கத்தைப் பாக்காது. காலைல பிடியைப் பிடிச்சிட்டு ஒரு நிமிஷம் நிக்கணும். நடுக்கம் இல்லைன்னா கதவு தொறக்கும். ஆனா அதோட முடியாது. தெனமும் நிக்கணும். ஒரு நாள் நடுங்கினாலும் மறுபடி மூடிரும்."

"என் கை நடுங்காது," என்றாள் மேகலா. சொல்லும்போது கையைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் பிடியைப் பிடித்தாள். பஸ்ஸில் வரும்போது கை ஆடுவதுபோல இருந்தது. பிடித்ததும் இல்லை. இரும்பு குளிர்ந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்த இரும்பு. உள்ளங்கை அதில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. இத்தனை நாளில் முதல்முறையாகத் தன் கை தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது.

திரையில் வரி வந்தது. நடுக்கம் இல்லை.

முபாரக் கைதட்டினார். அடுத்த வரி வந்தது.

இது மேகலாவின் கை அல்ல.

கதவு திறக்கவில்லை.

ஜெரோம் திரையைப் பக்கத்தில் வைத்தான். "மெஷின் வந்த அன்னிக்கு யார் முதல்ல கை வெச்சாங்க?"

யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்த பையன் திரையில் மேகலா என்று அடித்துவிட்டு, கையை வையுங்கள் என்றான்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் மேகலா. "நல்ல காரியம், நீங்க மொதல்ல வைங்கண்ணான்னு நான்தான் சொன்னேன்."

"பேரு உங்களுது. கை அவரோடது," என்றான் ஜெரோம். "அதுக்கு அதுதான் மேகலா."

"ரெண்டு வருஷமா நான் தொட்டனே. அதெல்லாம் யாருன்னு நெனச்சுச்சு?"

"சாதாரண நாள்ல அது ஆளைப் பாக்காது. நடுக்கத்தை மட்டும் பாக்கும். மறுபரிசோதனைன்னாத்தான் ஆளைப் பாக்கும். இனி தெனமும் பாக்கும்." அவன் எழுந்தான். "இன்னொரு தடவை இப்படி வந்தா ஆள்மாறாட்டம்னு அதுவே மேல அனுப்பிரும். என்னால நிறுத்த முடியாது."

அவன் மெஷினையும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை.

"நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்," என்றான். "பேக்கரி தூரமா இருக்கு. வர நேரமாகும்."

*

அவன் போனபிறகு முபாரக் தன் மெஷினை நிறுத்தினார். ஃபேனை நிறுத்தினார்.

குழந்தைவேல் வேட்டியில் கையைத் துடைத்தார். பிடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கை அங்கே போவதற்குள்ளேயே ஆடியது. எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம் அம்மிணி. இது இன்னுங் கெடுத்துப் போடும்."

"வைங்கண்ணா."

"என் கை என் பேச்சக் கேக்கலியே."

"என் பேச்சக் கேக்குதான்னு பாப்போம். வைங்க."

அவர் வைத்தார். மேகலா தன் கையை அவர் கைமேல் வைத்து மூடினாள். அவள் விரல் எங்கேயும் இரும்பில் படவில்லை. மற்றக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே அது தெரிந்தது. பிடித்துவைத்த கோழிக்குஞ்சு போல. அவள் இறுக்கினாள். குழந்தைவேலின் முகம் சுருங்கியது. இன்னும் இறுக்கினாள். அது அடங்கியது.

ஒரு நிமிடம் நீளமாக இருந்தது.

நடுக்கம் இல்லை. வணக்கம், மேகலா.

கதவு டக்கென்று விட்டது. உள்ளிருந்து கெட்டுப்போன கூலண்டின் நாற்றம் வந்தது. வைஸில் இருந்த வால்வு பாடி முழுக்கச் சிவப்பாகத் துருப் பிடித்திருந்தது.

ஜெரோம் திரும்பி வந்து திறந்திருந்த கதவைப் பார்த்தான். பையை மூடினான்.

"நாளைக்கும் காலைல," என்றான்.

கதவு திறந்ததை அம்மா சொல்லி அனுப்பினாள். அத்தை பூவும் பழமும் கொண்டுவந்தாள். தை பதினைந்துக்கு மேல் நாள் பார்க்கச் சொன்னாள். "வயசுப் பொண்ணு வாழ்க்கையாச்சேன்னு கேட்டுக்கறனுங்க," என்றாள் போகும்போது. "அதுவரைக்கும் தொறந்துக்கிட்டே இருக்குமல்லங்க?"

"இருக்குங்க," என்றாள் மேகலா.

*

குழந்தைவேல் டாக்டரிடம் போய்வந்தார். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அதை அவர் பட்டறையில் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஊருக்குப் போகவில்லை, கல்யாணங்களுக்குப் போகவில்லை. காலையில் மேகலா வருவதற்கு முன்பே வந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கற்பூரம் காட்டுவதை முபாரக்கிடம் விட்டுவிட்டார். "உங்க சாமி என்னைத் தப்பா நெனச்சுக்கப் போவுது," என்று சொல்லிக்கொண்டே முபாரக் தட்டைச் சுற்றுவார்.

கார்த்திகையில் அவள் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. மார்கழி தொடங்கியபோது முழங்கையை மெஷினில் முட்டுக்கொடுத்து உடம்பின் பாரத்தையும் வைத்தாள். மாத்திரை போட்ட நாளில் கொஞ்சம் எளிது. குளிரான நாளில் கஷ்டம். அவர் கையின் மேல் அவள் விரல்கள் பதிந்து நீலமாகத் தடம் விழுந்திருந்தது. அவர் வீட்டில் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

நேற்றைவிட இன்று அதிகம் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவருக்குத் தெரிவதற்கு முன்பே. அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தை எப்போது வரும் என்று இருவரும் நாட்காட்டியைப் பார்ப்பார்கள்.

ஒரு காலையில் கதவு விட்டதும் முபாரக் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"கைராசிக்காரரே. உங்களத் தேடித் தெருவே வந்திருக்கு."

வெளியே ஐந்தாறு பேர் நின்றார்கள். பக்கத்துப் பட்டறைகளின் ஆப்பரேட்டர்கள். சீருடையில், கையில் டிபன் பையோடு. உள்ளே வரவில்லை. முன்னால் நின்ற பெண் மூன்றாவது பட்டறையில் வேலை செய்கிறவள். ஆடி மாதம் அவர்கள் புது மெஷின் வாங்கியபோது குழந்தைவேல் போய் ஆரம்பித்து வைத்திருந்தார்.

"எங்க கதவும் தொறக்கலீங்ண்ணா," என்றாள். "மறுபரிசோதனைல என் கை இல்லைங்குது. அடுத்த தடவ மேல அனுப்பிருமாம்." நிறுத்தினாள். "நீங்கதானுங்க மொதல்ல வெச்சீங்க."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் யாரிடமும் கோபம் இல்லை. எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள்.

குழந்தைவேல் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். மேகலாவின் பக்கம் திரும்பினார்.

"நீயும் வா அம்மிணி," என்றார். "நீ இல்லாம அது நிக்காது."

"வர்றனுங்ண்ணா."

அவள் கையை உதறினாள். துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் அது நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அந்த நடுக்கம் நிற்பதற்கு முன்னைவிட நேரமாகிறது.